'கிவ் அப்': ஒரு சிறு வினையின் சரித்திரமும் பிரயோகமும்

1139ஆம் ஆண்டின் கோடையில், இங்கிலாந்தின் அரசனாகிய ஸ்டீபன், ஆக்ஸ்ஃபர்டு நகரில் கூடிய தன் சபைக்கு வந்திருந்த சாலிஸ்பரி பிஷப் ரோஜரையும், அவருடைய உடன்பிறந்தார் மகனும் லிங்கன் நகரத்துப் பிஷப்புமாகிய அலெக்ஸாண்டரையும் பிடித்துக் காவலில் வைத்து, அவர்கள் வசமிருந்த கோட்டைகளைத் தன்னிடம் ஒப்புவிக்கும்வரையில் விடுதலை இல்லையென்று நிர்ப்பந்தித்தான். சமய குருமார்களாயினும் கோட்டை கொத்தளங்களுடன் சிற்றரசர்போல் வாழ்ந்தவர்கள் அவர்கள். டிவைஸஸும் ஷெர்போர்னும் ரோஜரிடத்திலும், நியூவார்க்கும் ஸ்லீஃபோர்டும் அலெக்ஸாண்டரிடத்திலும் இருந்தன. முடிவில் அவையெல்லாம் அரசன் கைக்கு வந்து சேர்ந்தன. இச்செய்தியைப் பீட்டர்பரோ மடத்துத் துறவி ஒருவர், 1154ஆம் ஆண்டோடு முடிவுறும் தமது நாளாகமத்தில், ஆண்டுக் கணக்கைச் சற்றே நெகிழவிட்டு 1137ஆம் ஆண்டின் தலைப்பின்கீழ்க் குறித்து வைத்திருக்கிறார். ஆக்ஸ்ஃபர்டிலுள்ள பாட்லியன் நூல்நிலையத்தில் இன்றும் காணக்கிடைக்கும் அந்தச் சுவடியில், பிஷப்புகள் கோட்டைகளை ஒப்புவித்த செயலைச் சொல்லுமிடத்தில் வரும் வினை, ஏறக்குறைய 'யாவென் உப்' என்று உச்சரிக்கத்தக்க இரண்டு சொற்களாலாயது. இக்காலத்து ஆங்கிலத்தில் அதுவே 'கேவ் அப்'; அதன் நிகழ்காலம் 'கிவ் அப்'.

பரீட்சையில் தோற்ற தோழனைத் தேற்றுகின்ற தமிழ் இளைஞன்கூட, 'கிவ் அப் பண்ணாதே' என்று தன் தாய்மொழிக்குள்ளேயே அதை இழுத்துக்கொண்டு பேசும் அளவுக்கு இந்தச் சிறு வினை இன்று உலகெங்கும் பரவியிருக்கிறது. சிகரெட்டை விடுதல், உத்தியோகத்தைத் துறத்தல், நம்பிக்கை இழத்தல், போலீஸில் சரணடைதல், பஸ்ஸில் இடங்கொடுத்தல், விடுகதைக்கு விடை தெரியவில்லையென்று ஒப்புக்கொள்ளுதல் என இத்தனை காரியங்களுக்கும் ஆங்கிலேயர் இந்த ஒரே வினையை எடுத்தாள்வதைக் காணும் அயலார், இவற்றிடையே யாதொரு சம்பந்தமும் இல்லையென்று மயங்கி, ஒவ்வொன்றையும் தனித்தனியே நெட்டுருப் போடத் தொடங்கிவிடுகிறார்கள். ஆனால் கோட்டையை ஒப்புவித்த அந்தப் பழைய பொருளைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தால், இவையனைத்தும் ஒரு கொடியில் படர்ந்தவை என்பது புலப்படும் என்பதே என் அபிப்பிராயம். எதை ஒருவன் 'கிவ் அப்' செய்கிறானோ, அது முன்னர் அவன் பிடியில் இருந்திருக்க வேண்டும்; அதைப் பிடித்திருப்பதில் அவனுக்கு உரிமையோ, விருப்பமோ, முயற்சியோ இருந்திருக்க வேண்டும்; அந்தப் பிடியைத் தளர்த்தும்படி வெளியிலிருந்தோ உள்ளிருந்தோ ஒரு நெருக்குதல் நேர்ந்திருக்க வேண்டும்.

இவ்வினை பெயர்ந்து வந்த வழியை முதலில் பார்க்கலாம். பழைய ஆங்கிலம் வினைக்கு முன்னே ஒட்டுச் சேர்த்துப் பொருளைத் திருப்பும் வழக்கமுடையது. கைவிடுதல் என்ற பொருளுக்கு அம்மொழியில் வழங்கிய சொல், 'ஆஃப்' என்பதன் முன்னோரை வினையின் தலையில் வைத்துக் கட்டிய ஒரு சொல்லேயாகும். அழுத்தமின்றி உச்சரிக்கப்பட்ட அவ்வொட்டுகள் காலப்போக்கில் தேய்ந்து வலுவிழந்தன. வினைக்குப் பின்னே நின்று அழுத்தத்துடன் ஒலித்த 'அப்', 'அவுட்', 'ஆஃப்' முதலிய இடப்பொருட் சொற்கள் அவற்றின் வேலையை ஏற்றுக்கொண்டன. ஸ்காண்டினேவியர் குடியேறிய கிழக்கு இங்கிலாந்தில் இம்மாறுதலுக்கு அவர்களுடைய மொழியும் துணைசெய்திருக்கக்கூடும் என்று கருதுவோர் உண்டு; எவ்வளவு துணைசெய்தது என்பதில் அறிஞரிடையே விவாதம் ஓயவில்லை. பழைய நார்ஸ் மொழியிலும் இதே இரண்டு உறுப்புகள் கூடிய வினை ஒன்று இருந்தது. 'யிவ்' என்று யகரத்தில் தொடங்கிய சொல் பின்னர்க் 'கிவ்' என்று ககரத்துக்கு மாறியதும் அவர்களுடைய உச்சரிப்பின் செல்வாக்கே என்பது பொதுவாக ஏற்கப்பட்ட கொள்கை. ஜெர்மானியர் இன்றைக்கும் 'அவுஃப்கேபன்' என்றும், டச்சுக்காரர் 'ஓப்கேவன்' என்றும் இதே கூட்டை வழங்குகின்றனர். ஆகவே இது ஆங்கிலேயர் தற்செயலாகக் கட்டிய புதுக்கட்டடமன்று, குடும்பச் சொத்து.

1066க்குப் பின்னர் நார்மானியரின் ஆட்சியோடு பிரெஞ்சுச் சொற்கள் வெள்ளம்போல் வந்து புகுந்தபோது, இப்பொருளுக்கென்றே 'சரண்டர்', 'அபாண்டன்', 'ரிசைன்', 'ரினௌன்ஸ்' என்ற கனவான்கள் வரிசையாக வந்து அமர்ந்தார்கள். நியாயமாகப் பார்த்தால் 'கிவ் அப்' அன்றே மறைந்திருக்க வேண்டும். மறையவில்லை, சட்டத்துக்கும் சாஸனத்துக்கும் அவர்களை அனுப்பிவிட்டு, வீட்டையும் வீதியையும் தனக்கென்று வைத்துக்கொண்டது. 1936ஆம் ஆண்டு டிசம்பர் 10ஆம் தேதி எட்டாம் எட்வர்டு மன்னர் கையெழுத்திட்ட பத்திரத்தில் சிங்காதனத்தைத் துறப்பதற்கு எழுதப்பட்ட வினை 'ரினௌன்ஸ்' என்பதே. அதே செய்தியை மதுக்கடையிலும் அடுப்பங்கரையிலும் பேசுகிற சாமான்ய ஆங்கிலேயனோ, ஒரு பெண்ணின் பொருட்டு அவர் சிங்காதனத்தைக் 'கேவ் அப்' செய்தார் என்றுதான் சொல்வான். பத்திரத்தின் சொல் அவர் செய்த சட்டச் செயலைச் சொல்கிறது. சாமான்யனின் சொல், அவர் இழந்தது எவ்வளவு பெரியது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறது.

இனி, 'கொடு' என்னும் பொருளுடைய 'கிவ்' என்பதோடு, 'மேலே' என்னும் பொருளுடைய 'அப்' சேர்ந்தால் 'கைவிடு' என்ற பொருள் எங்ஙனம் பிறக்கும் என்ற கேள்வி எழும். பள்ளிக்கூடத்தில் எவரும் இதற்கு விடை சொல்லிக்கொடுத்ததாக எனக்கு நினைவில்லை. தனக்கு மேலானவனிடம் கொடுப்பது, அதாவது கீழிருப்பவன் மேலிருப்பவன் கையில் ஒப்புவிப்பது, ஆதலின் 'மேலே' என்று வந்தது எனச் சொல்லலாம்; பிஷப்பும் அரசனும் வரும் இடத்துக்கு அது நன்றாகவே பொருந்தும். ஆயினும், ஆங்கிலத்தில் 'அப்' என்பது திசையைக் குறிக்கும் தொழிலோடு நின்றுவிடாமல், செயலை மிச்சமின்றி முடிப்பதைக் குறிக்கும் தொழிலையும் வெகுகாலமாகச் செய்துவருகிறது என்பதையும் உடன் நோக்க வேண்டும். 'ஈட் அப்' என்றால் தட்டில் ஒன்றும் வைக்காமல் உண்டுவிடு. 'டேர் அப்' என்றால் ஒட்டவைக்க முடியாதபடி கிழித்துவிடு. 'யூஸ் அப்' என்றால் தீரத் தீரச் செலவழித்துவிடு. காகிதம் மேல்நோக்கிக் கிழிவதுமில்லை. சோறு மேல்நோக்கிப் போவதுமில்லை. நாம் இவ்வினைகளுக்குத் தமிழில் பொருள் சொல்லும்போதெல்லாம் 'விடு' என்னும் துணைவினை தானாகவே வந்து ஒட்டிக்கொள்வதைக் கவனித்தால், 'அப்' என்பதன் சுபாவம் தமிழனுக்கு அவ்வளவு அந்நியமானதன்று என்பது தெரியும். 'கொடுத்தான்' என்பதற்கும் 'கொடுத்துவிட்டான்' என்பதற்கும் இடையிலுள்ள தூரந்தான் 'கேவ்' என்பதற்கும் 'கேவ் அப்' என்பதற்கும் இடையில் உள்ள தூரத்தின் தொடக்கம். அந்தத் தொடக்கத்திலிருந்து ஆங்கில வினை வெகுதூரம் நடந்துபோய்விட்டது என்பது உண்மையே; கொடுப்பதற்கு ஒரு பொருளும், வாங்குவதற்கு ஓர் ஆளும் இல்லாத இடத்திலும் அது இன்று வழங்குகிறது.

அந்த நடையின் படிகளைப் பிரயோகங்களிலேயே காணலாம். கோட்டையைக் கொடுப்பதில் கொடுப்பவன், கொள்பவன், பொருள் மூன்றும் உண்டு. ஓடி ஒளிந்த குற்றவாளி போலீஸாரிடம் தன்னையே 'கிவ் அப்' செய்யும்போது கொடுப்பவனும் பொருளும் ஒருவனே, கொள்பவர் போலீஸார். சிகரெட்டைக் 'கிவ் அப்' செய்கிறவனிடத்தில் அதை வாங்கிக்கொள்வார் எவருமில்லை. கொடுக்கப்படுவது பொருளுமன்று, பழக்கம். நம்பிக்கையைக் 'கிவ் அப்' செய்கிறவனிடத்தில் பழக்கமும் இல்லை. மனத்தின் ஒரு பிடிப்பு மாத்திரமே உண்டு. விடுகதை போடும் குழந்தையிடம் 'ஐ கிவ் அப்' என்று சிரித்துக்கொண்டே சொல்கிற தாத்தாவோ, எதைக் கொடுக்கிறார் என்பதையே சொல்வதில்லை. செயப்படுபொருள் முற்றும் உதிர்ந்துபோக, முயற்சி நின்றது என்பது மாத்திரம் எஞ்சுகிறது.

சிகரெட் பிரயோகத்தைச் சிறிது நின்று பார்ப்பது நலம். பிரிட்டிஷ் ஆராய்ச்சியாளர்களாகிய டாலும் ஹில்லும் புகையிலைக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை 1950இல் எடுத்துக்காட்டிய பின்னரும், லண்டன் ராயல் காலேஜ் ஆஃப் ஃபிசிஷியன்ஸ் 1962இல் தன் அறிக்கையை வெளியிட்ட பின்னரும், 'கிவ் அப் ஸ்மோக்கிங்' என்ற தொடர் பிரிட்டனில் வைத்தியசாலைச் சுவர்களில் நிரந்தர இடம் பெற்றது. அமெரிக்கர் பெரும்பாலும் இவ்விடத்தில் 'க்விட்' என்பார்கள். 'ஸ்டாப் ஸ்மோக்கிங்' என்றும் இருவரும் சொல்வதுண்டு. ஆனால் அது வேறு. கோயில் வாசலில் சிகரெட்டைக் கீழே போட்டு மிதிக்கிறவன் 'ஸ்டாப்' செய்தவனேயன்றிக் 'கிவ் அப்' செய்தவன் அல்லன். வெளியே வந்ததும் மறுபடியும் பற்றவைக்கலாம். மழை 'ஸ்டாப்' செய்யும். மழை 'கிவ் அப்' செய்தது என்று சொன்னால் கவிஞனென்றோ வேடிக்கைக்காரனென்றோதான் நினைப்பார்கள். பிடித்திருக்கும் மனம் ஒன்று இல்லாத எழுவாய்க்கு இவ்வினை பொருந்தாது. பழைய மோட்டார் காரின் இயந்திரம் நடுவழியில் 'கேவ் அப்' என்று ஆங்கிலேயன் சொல்வானாயின், அக்கணத்தில் அந்த இயந்திரத்துக்கு அவன் ஒரு சிறு ஆன்மாவை அளித்துவிடுகிறான்.

நம்மவர் ஆங்கிலம் பேசும்போது 'ஐ லெஃப்ட் ஸ்மோக்கிங்' என்பது சகஜம். 'விட்டுவிட்டேன்' என்ற தமிழ் வினையை அப்படியே தூக்கிக்கொண்டு போனதன் விளைவு அது. பொருள் எவருக்கும் விளங்கும்; குற்றமென்று அடித்துத் திருத்துகிற ஆசிரியர்களோடு நான் சண்டைக்குப் போகவில்லை. ஆயினும் 'லெஃப்ட்' என்பதில் ஒருவன் புறப்பட்டுப் போய்விட்டான் என்ற ஓசைதான் கேட்கிறது; போராடினான், பிடியை விட்டான் என்ற ஓசை கேட்பதில்லை. ஈஸ்டருக்கு முன்வரும் நாற்பது நாள் தவசுகாலத்தில், கிறிஸ்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்து, இவ்வாண்டு எதைக் 'கிவ் அப்' செய்கிறீர்கள் என்று கேட்டுக்கொள்வது வழக்கம். சாக்லெட் என்பார் ஒருவர். ஒயின் என்பார் மற்றொருவர். தமக்குப் பிடிக்காத பாகற்காயைக் 'கிவ் அப்' செய்தேன் என்று எவரும் சொல்லிக்கொள்ள முடியாது. சொன்னால் கேட்பவர் நகைப்பார். விருப்பமானதைத் துறப்பதே விரதம் என்ற கருத்து வினைக்குள்ளேயே பொதிந்திருக்கிறது.

உரிமையானதைக் கொடுப்பது என்ற பொருளும் அங்ஙனமே. 1955 டிசம்பர் 1ஆம் தேதி, அமெரிக்காவின் அலபாமா மாநிலத்து மாண்ட்கோமரி நகரில் ரோஸா பார்க்ஸ் என்ற கறுப்பினப் பெண்மணி, வெள்ளைக்காரர் ஒருவருக்காகத் தமது ஆசனத்தை விட்டு எழும்படி பஸ் ஓட்டுநர் கட்டளையிட்டபோது மறுத்தார்; அதன் விளைவாக மூண்ட பஸ் பகிஷ்காரம் ஓராண்டுக்கு மேல் நீடித்தது. அந்நிகழ்ச்சியைச் சொல்லும் ஆங்கில நூல்கள் பெரும்பாலும், அவர் தம் இடத்தைக் 'கிவ் அப்' செய்ய மறுத்தார் என்றே எழுதுகின்றன. 'கிவ்' என்று மாத்திரம் எழுதியிருந்தால், ஒரு மரியாதையைச் செய்ய மறுத்தார் என்பதுபோல் தொனித்திருக்கும். 'அப்' சேர்ந்தவுடன், அந்த ஆசனம் அவருடையது என்பதும், கேட்டவருக்கு அதில் பாத்தியதை இல்லை என்பதும் வாதமின்றியே ஸ்தாபிதமாகின்றன.

இவ்வினையோடு பலரும் போட்டுக் குழப்பிக்கொள்வது 'கிவ் இன்' என்னும் அதன் உடன்பிறப்பை. 1941 அக்டோபர் 29ஆம் தேதி, தாம் படித்த ஹாரோ பள்ளியில் மாணவரிடையே பேசிய சர்ச்சில், 'நெவர் கிவ் அப்' என்று முழங்கியதாக எண்ணற்ற சுவரொட்டிகள் கூறுகின்றன. அவ்வளவே பேசிவிட்டு அமர்ந்தார் என்ற கதையும் உண்டு. இரண்டும் தவறு. அவர் பேசியது ஒரு முழுப் பிரசங்கம். அதில் அவர் திரும்பத் திரும்பச் சொன்ன வினை 'கிவ் இன்' என்பது. எதிரி ஒருவன் நெருக்க, அவனுக்கு இணங்கிப்போவது 'கிவ் இன்'. எதிரி இருப்பினும் இல்லாவிடினும், தன் முயற்சியைத் தானே நிறுத்துவது 'கிவ் அப்'. மிட்டாய்க்காக அழுகிற குழந்தைக்குத் தாய் 'கிவ் இன்' செய்கிறாள். அழுது அழுது ஓய்ந்து தூங்கிப்போகிற குழந்தை 'கிவ் அப்' செய்கிறது. ஹிட்லர் வாயிற்படியில் நின்ற காலத்தில் சர்ச்சிலுக்கு முந்தியதே வேண்டியிருந்தது. பரீட்சைக்கும் வியாபாரத்துக்கும் தேகப்பயிற்சிக்கும் ஊக்கம் தேடுகிற நம் காலத்துக்குப் பிந்தியது வேண்டியிருப்பதால், அவர் வாயில் அதைத் திணித்துவிட்டார்கள்.

வியாகரண சம்பந்தமாகச் சொல்ல வேண்டியவை இரண்டே. முதலாவது, 'இட்', 'ஹிம்' போன்ற பிரதிப்பெயர் வரும்போது அது வினைக்கும் 'அப்' என்பதற்கும் நடுவிலேதான் அமர வேண்டும்: 'கிவ் இட் அப்'. பெயர்ச்சொல்லாயின் நடுவிலும் அமரலாம், இறுதியிலும் அமரலாம். நம் மாணவர்கள் 'கிவ் அப் இட்' என்று எழுதுவதற்குக் காரணம், இந்த விதிக்குக் காரணம் எவரும் சொல்லாமை. ஆங்கில வாக்கியத்தில் புதிய செய்தியும் குரலின் அழுத்தமும் பெரும்பாலும் கடைசியில் வந்து விழும். 'இட்' என்பதோ முன்னரே அறிந்த ஒன்றைச் சுட்டும் இலேசான சொல். அழுத்தம் விழும் ஸ்தானத்தை அதற்கு விட்டுவைப்பதில் பயனில்லை. ஆகவே அதை நடுவில் மறைத்துவிட்டு, அழுத்தத்தை 'அப்' ஏற்றுக்கொள்கிறது. தமிழிலும் 'கொடுத்தே விட்டான்' என்று ஏகாரம் இரண்டு வினைகளுக்கும் இடையே நுழைவதைப் பார்த்திருப்பவருக்கு இப்பிரிவு விசித்திரமாகத் தோன்றாது. இரண்டாவது, பின்னால் இன்னொரு வினை வருமாயின் அது 'ஸ்மோக்கிங்', 'ட்ரையிங்' என்று பெயர்த்தன்மை பெற்றே வரும். கைவிடப்படுவது ஒரு பொருளாக இருந்த காலத்தின் வாசனை இது; செயலையும் பொருளாக்கினால்தான் கையிலிருந்து விட முடியும்.

ஆங்கிலத்தின் இச்சுபாவத்தை அயலாரின் கண்ணால் பார்த்தவர்களில் டாக்டர் ஜான்ஸன் முதன்மையானவர். 1755இல் வெளியான தமது அகராதியின் முன்னுரையில், வினையின் பின் ஓர் இடைச்சொல்லைச் சேர்த்துப் பொருளைத் திரிக்கும் இவ்வழக்கம் வேறு மொழிகளைவிட ஆங்கிலத்திலேயே மிகுதி என்றும், அந்நியருக்குப் பெருந்துன்பம் தருவது இதுவே என்றும் கூறி, அத்தகைய கூட்டுகளை வெகு சிரத்தையுடன் தாம் தொகுத்திருப்பதையும் தெரிவிக்கிறார். இவற்றுக்கு 'ஃப்ரேஸல் வெர்ப்' என்ற பெயரோ வெகு பிந்தியது. 1925இல் லோகன் பியர்ஸால் ஸ்மித் தமது நூலில் அதை வழங்கி, பெயரைத் தமக்கு அளித்தவர் அகராதியாசிரியர் ஹென்றி பிராட்லி என்று நன்றியோடு குறித்தார். ஐந்தாண்டு கழித்து, 1930இல், சி. கே. ஆக்டன் என்பார் உலகத்தார் எல்லோரும் எளிதில் கற்பதற்கென்று 850 சொற்களையுடைய 'பேஸிக் இங்கிலீஷ்' ஒன்றை வகுத்தார். அதில் வினைகள் பதினெட்டே. 'கிவ்' அவற்றில் ஒன்று. கனவான் வினைகளையெல்லாம் விலக்கிவிட்டு, இப்பதினெட்டோடு 'அப்', 'அவுட்' முதலியவற்றைக் கூட்டிக் காரியத்தை நடத்திவிடலாம் என்பது அவர் உத்தேசம். சொற்களின் எண்ணிக்கை குறைந்தது மெய்தான். ஆனால் 'கிவ்' தெரிந்தவன், 'அப்' தெரிந்தவன், இவ்விரண்டின் கூட்டை அறிவதற்கு மூன்றாவதொரு சொல்லைக் கற்பதற்குச் சமமான சிரமம் எடுக்க வேண்டும் என்பதை அந்த 850 என்ற கணக்கு மறைத்துவிட்டது. 'அபாண்டன்' என்ற நீண்ட சொல் நமக்குக் கடினமென்று ஆங்கிலேயர் இரங்குகிறார்கள். உண்மையில் அகராதியில் ஒருமுறை பார்த்தால் தீர்ந்துபோகிற சொல் அதுவே.

கிளைவழியாகச் சென்ற பிரயோகங்கள் சிலவற்றைக் குறித்துவிட்டுப் போகலாம். ஆவியை விட்டார் என்று நாம் சொல்வதையொத்த 'கிவ் அப் த கோஸ்ட்' என்ற தொடர், 1611ஆம் ஆண்டின் ஆங்கில பைபிளில் ஆபிரகாமின் மரணத்துக்கும் இயேசுவின் மரணத்துக்கும் பயன்பட்டது. இன்று சலவை இயந்திரத்துக்கும் தொலைக்காட்சிப் பெட்டிக்கும் பயன்படுகிறது. அமெரிக்க பேஸ்பால் ஆட்டத்தில் பந்து வீசுபவன் எதிரிக்கு விட்டுக்கொடுத்த ஓட்டங்களைக் 'கேவ் அப்' என்ற வினையாலேயே கணக்கிடுவார்கள். மேடையில் பாடகரை அறிமுகப்படுத்துபவர் 'கிவ் இட் அப்' என்று கூவினால், பாடகர் எழுந்து போக வேண்டுமென்பதன்று. சபையோர் கைதட்ட வேண்டுமென்பது. இந்தக் கடைசிப் பிரயோகத்தை மேலே சொன்ன கொடியில் கட்டுவதற்கு நான் முயலவில்லை.

எனினும் மூன்று சொற்களாக நீளும் 'கிவ் அப் ஆன்' என்பதை அவ்வளவு இலேசாக விட இயலாது. நோயாளி ஒருவனை வைத்தியர்கள் 'கேவ் ஹிம் அப்' என்று பழைய நாவல்களில் வரும். பிழைக்கமாட்டான் என்று கைவிரித்துவிட்டார்கள் என்பது பொருள். ஒளிந்திருந்தவனை அயலார் 'கேவ் ஹிம் அப்' என்றால், போலீஸாரிடம் காட்டிக்கொடுத்தார்கள் என்பது பொருள். இரண்டிலும் ஆள் ஒரு கையைவிட்டு இன்னொரு கைக்குப் போகிறான். ஒன்றில் எமன் கை, மற்றதில் சர்க்கார் கை. பள்ளி ஆசிரியர்கள் ஒரு மாணவனைக் குறித்துக் 'கேவ் அப் ஆன் ஹிம்' என்று சொல்லப்படுமிடத்திலோ அவன் எங்கும் போகவில்லை. மறுநாளும் அதே பெஞ்சில் உட்கார்ந்து ஆஜர் சொல்கிறான். அவன்மேல் அவர்கள் செலுத்திவந்த முயற்சி மாத்திரமே நின்றுபோயிற்று. அம்முயற்சி எங்கே செலுத்தப்பட்டது என்பதைக் காட்டுவதற்கே 'ஆன்' வந்தது. இங்கே கைவிடப்பட்ட பொருள் அந்த மாணவன் அல்லன். ஆசிரியர்களுடைய முயற்சியே; வாக்கியத்தில் அது பெயர் சொல்லப்படாமல் நிற்கிறது. ஆதலால் பிரதிப்பெயரை நடுவில் வைக்க வேண்டும் என்று மேலே கூறிய விதியும் இங்கே செல்லாது. 'ஹிம்' என்பது கடைசியிலேதான் நின்றாக வேண்டும்.